என்ஜினை இறக்கு, மோட்டாரை ஏற்று!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இரண்டு நண்பர்கள் ஒரு பழைய ஃபோர்க்லிஃப்ட்டை வாங்கினார்கள். கிடங்குகளில் சரக்கு தூக்குமே, அந்த வண்டிதான். தூக்குவதற்கு அவர்களிடம் சரக்கு எதுவும் கிடையாது. அதன் வயிற்றுக்குள் இருந்த மின்மோட்டார் மேல்தான் கண். பக்கத்தில் காத்திருந்தது 1992-ஆம் வருடத்து ஜியோ மெட்ரோ. சுசுகியின் ஸ்விஃப்ட் என்ற சின்ன காரைத்தான் வட அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பெயரில் விற்றது. நம்மூர்ச் சாலைகளில் ஓடிய மாருதி 1000, எஸ்டீம் கார்களுக்கு இது பங்காளி முறை.

ஃபோர்க்லிஃப்ட்டைப் பிரித்து மோட்டாரையும் கேபிள்களையும் எடுத்துக்கொண்டு மிச்ச இரும்பைக் காசாக்கினார்கள். காரிலிருந்து கழற்றிய பெட்ரோல் சாமான்களையும் விற்றார்கள். வரவு போகக் கையைவிட்டுப் போனது 672 டாலர். நம்மூரில் அன்றைக்கு ஒரு புது மோட்டார் பைக்குகூட அந்தக் காசுக்கு வராது. ஃபோர்க்லிஃப்ட்டில் பாதி, ஸ்விஃப்ட்டில் பாதி சேர்த்து வண்டிக்கு ‘ஃபோர்க்கன்ஸ்விஃப்ட்’ என்று பெயர் வைத்தார்கள். பீருக்குச் செலவழிக்கிற காசில் மின்சார கார் என்று தங்களைத் தாங்களே கிண்டலும் செய்துகொண்டார்கள்.

பெட்ரோல் காரை வீட்டிலேயே மின்சார காராக மாற்றும் கதைகளில் இது மலிவானவற்றில் ஒன்று. ஆனால் விதிவிலக்கு இல்லை. கடந்த அறுபது வருடங்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கராஜ்களில் மாறிய கார்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓடுவது வேறு யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய மின்சாரச் சாமான். முதலில் ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரும் கோல்ஃப் மைதான வண்டியின் பேட்டரியும். இப்போது விபத்தில் நசுங்கிய நிஸான் லீஃபும் டெஸ்லாவும். காயலான் கடையில் என்ன வந்து விழுகிறதோ, கராஜில் அதுதான் ஓடுகிறது.

சனி, ஞாயிறு பட்டறை

இந்த வேலைக்கு எந்த கார் என்பதில் அனுபவசாலிகளுக்குள் பெரிய சண்டை இல்லை. எடை குறைவாக இருக்க வேண்டும், கையால் கியர் போடுவதாக இருக்க வேண்டும், துரு ஏறாமல் இருக்க வேண்டும். என்ஜின் செத்துப்போயிருந்தால் இன்னும் நல்லது, விலை குறையும். ஃபோக்ஸ்வாகன் ராபிட், ஜியோ மெட்ரோ போன்ற சின்ன கார்கள் அப்படித்தான் பிரபலமாயின. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு டிக்கிகள் இருந்ததால் போர்ஷே 914-க்குத் தனி மவுசு. செவர்லே எஸ்-10 மாதிரியான பிக்-அப் வண்டிகளில் சரக்குத் தட்டுக்கு அடியில் பேட்டரிகளை வரிசையாக அடுக்கிவிடலாம்.

முதல் வேலை பிரிப்பது. என்ஜின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க், இவற்றை இணைக்கும் குழாய்கள் எல்லாம் வெளியே வரும். கழற்றியதை ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதிவைப்பார்கள். பின்னால் பேட்டரி ஏற்றும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். என்ஜின் போனாலும் கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் இருக்கும். அதோடு மோட்டாரைச் சேர்ப்பதுதான் லேத் பட்டறைக்காரரின் திறமையைக் கேட்கும் கட்டம்.

மோட்டாரின் முகத்திலுள்ள போல்ட் துளைகளும் கியர்பாக்ஸின் துளைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இடையில் கனமான அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, இரண்டு பக்கத்துக்கும் ஏற்றபடி துளை போடுவார்கள். ‘அடாப்டர் பிளேட்’ என்று அதற்குப் பெயர். மோட்டாரின் தண்டும் கியர்பாக்ஸின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு விலகினாலும் வண்டி அதிரும், நாளடைவில் பேரிங் தேய்ந்து கியர்பாக்ஸே போய்விடும். மற்றதையெல்லாம் வீட்டில் செய்பவர்களும் இந்தத் தகட்டை மட்டும் காசு கொடுத்து வாங்குவது அதனால்தான்.

ஈய பேட்டரிக் காலத்தில் பெரும்பாலான கராஜ்களில் ஏறியது 9 அங்குல விட்டமுள்ள டி.சி. மோட்டார். எடை சுமார் 65 கிலோ. ஆக்ஸிலரேட்டர் கேபிளின் மறுமுனையில் சிறிய பெட்டி ஒன்று இருக்கும். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு எப்படியோ, இதுவும் அப்படித்தான். பெடலை மிதிக்க மிதிக்க உள்ளிருக்கும் மின்தடை மாறும். கன்ட்ரோலர் அதைப் படித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். அந்தக் கன்ட்ரோலரும் பல வீடுகளில் ஃபோர்க்லிஃப்ட் குடும்பத்திலிருந்து வந்ததே.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பவருக்கு என்ஜின் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். பிரேக் மிதி இலகுவாக இருக்க வெற்றிடம் கொடுத்தது என்ஜின். இப்போது அதற்குத் தனியாக ஒரு சின்ன பம்ப் வேண்டும். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் கொடுத்த ஆல்டர்னேட்டர் போய்விட்டது, அந்த இடத்தில் ஒரு டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் வேண்டும். கனடா குளிரில் காருக்குள் கதகதப்பைத் தந்ததும் என்ஜினின் வீண் சூடுதான். மோட்டார் அவ்வளவு சூடாவதில்லை. எனவே ஹீட்டர் இருந்த இடத்தில் பீங்கான் ஹீட்டரைப் பொருத்துகிறார்கள். அது எரிக்கும் மின்சாரமும் ஓட வேண்டிய தூரத்திலிருந்துதான் கழிகிறது.

ஓட்டிப் பார்க்கிறவருக்கு முதல் ஆச்சரியம் சிக்னலில். கார் நின்றதும் மோட்டாரும் நின்றுவிடும், ஐட்லிங் என்பதே கிடையாது. என்ஜின் அணைந்துவிட்டதோ என்று கை தானாகச் சாவிக்குப் போகும். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை கிடைப்பதால் முதல் கியர் அநேகமாகத் தேவைப்படாது. இரண்டாவது கியரில் எடுத்து ஊருக்குள் முழுக்க அதிலேயே சுற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. கிளட்ச்சையே தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

450 கிலோவில் இரண்டரை லிட்டர்

மோட்டார் ஏற்றுவது இரண்டு மூன்று வார இறுதி வேலை. பாடாய்ப் படுத்துவது பேட்டரி.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றலை மின்வாரியக் கணக்கில் சொன்னால் சுமார் 9 யூனிட். கோல்ஃப் வண்டியில் போடும் 6 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று 28 கிலோ. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இது சகோதரன்தான், இதற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். 16 பேட்டரிகளைக் கோத்தால் 96 வோல்ட், எடை 450 கிலோ. அதற்குள் இருக்கும் மின்சாரம், பேட்டரியின் மேல் அச்சிட்ட கணக்குப்படி, 21 அல்லது 22 யூனிட். அதாவது இரண்டரை லிட்டர் பெட்ரோல்கூட இல்லை!

அந்த இரண்டரை லிட்டரும் முழுதாகக் கைக்கு வராது. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு 20 மணி நேரம் நிதானமாக உறிஞ்சினால் கிடைப்பது. கார் அதை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். அந்த வேகத்தில் ஈய பேட்டரி பாதி அளவைத்தான் கொடுக்கும். 1897-லேயே பாய்க்கர்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கணக்குப் போட்டு விளக்கிய குணம் இது. குளிர்காலத்தில் அந்தப் பாதியும் சுருங்கும்.

இருந்தும் கார் ஓடுகிறதே, எப்படி? பெட்ரோல் என்ஜின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும். மின்மோட்டாரோ 85 சதவீதத்துக்கும் மேல் வேலையாக மாற்றிவிடும். ஆகவே அந்த 450 கிலோ ஈயம் சிறிய காரை 60 கிலோமீட்டர் அளவுக்கு இழுத்துப்போகும். வீட்டிலிருந்து அலுவலகம், அங்கிருந்து கடைத்தெரு, திரும்ப வீடு. அத்தோடு சரி.

அந்தப் பாரத்தைத் தாங்கக் காரையும் பலப்படுத்த வேண்டியிருந்தது. பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றாவிட்டால் வண்டி குந்தி உட்காரும். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பேட்டரியைச் சும்மா அடுக்கி வைத்துவிட்டால், மோதலின்போது ஒவ்வொன்றும் 28 கிலோ எறிகுண்டாக மாறும். எனவே வெல்டிங் வைத்த இரும்புச் சட்டம், அதன் மேல் மூடி. சார்ஜ் ஏறும்போது ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். எனவே பெட்டிக்குள் ஒரு மின்விசிறி. இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாக வேலை நீண்டுகொண்டே போகும். இரண்டு மூன்று வருடங்களில் பேட்டரி தேய்ந்து, அத்தனையையும் மறுபடி வாங்க வேண்டியதும் வரும்.

பெரிய நிறுவனமே இறங்கிப் பார்த்தபோதும் இதே இடத்தில்தான் முட்டியது. 1966-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய கோர்வேர் காரின் என்ஜினை எடுத்துவிட்டு ‘எலக்ட்ரோவேர் 2’ என்ற சோதனைக் காரைச் செய்தது. ஈயம் கனம் என்று வெள்ளி-துத்தநாக பேட்டரி போட்டார்கள், 532 வோல்ட். ஓட்டம் பிரமாதம். ஆனால் அந்த விலையுயர்ந்த பேட்டரி சுமார் 100 முறை சார்ஜ் செய்ததுமே ஆயுள் முடிந்தது. கார் விற்பனைக்கு வரவே இல்லை.

பெட்ரோல் விலையும் கராஜ் கதவும்

அடுத்த வருடமே, 1967-இல், வால்டர் லாஸ்கி என்பவர் கலிபோர்னியாவின் சான் ஹோஸே நகரில் எலக்ட்ரிக் ஆட்டோ அசோசியேஷனைத் தொடங்கினார். வீட்டில் கார் மாற்றுகிறவர்கள் கூடிப் பேச, உதிரிபாகம் கைமாற்ற, ஒருவர் செய்த தவறை இன்னொருவர் செய்யாமல் இருக்க ஓர் இடம். அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

அதன் பிறகு இந்தப் பொழுதுபோக்கின் ஏற்றமும் இறக்கமும் பெட்ரோல் பங்க்கின் விலைப்பலகையோடு சேர்ந்தே நடந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்க பங்க்குகளில் வரிசை நீண்டது. அதே வருடம் ஆஸ்திரேலியாவிலும் மின்வாகனச் சங்கம் ஒன்று பிறந்தது. 1979-இல் ஈரான் புரட்சியால் விலை மறுபடி ஏறியபோது ‘மதர் எர்த் நியூஸ்’ பத்திரிகை ஓப்பல் ஜிடி கார் ஒன்றின் கதையை வெளியிட்டது. ஆர்கன்சாஸ் மாநிலத்துக்காரர் ஒருவர் 1,500 டாலர் செலவில் மாற்றியது. புல்வெட்டும் இயந்திரத்தின் 6 குதிரைசக்தி என்ஜின் மின்சாரத்தைச் செய்து கொடுக்க, மோட்டார் காரை ஓட்டும். கேலனுக்கு 75 மைல், அதாவது லிட்டருக்கு 32 கிலோமீட்டர்! வரைபடம் கேட்டுக் கடிதம் போட்ட வாசகர்கள் 60,000 பேர்.

கார் நிறுவனங்களே மின்சார கார் செய்யப்போகின்றன என்ற நம்பிக்கை 1990-களில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் இவி1 காரை வெளியிட்டது. ஆனால் வாடகைக்கு மட்டும்தான், விற்கவில்லை. சில வருடங்களில் வண்டிகளைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. ஓட்டியவர்கள் காசு தருகிறோம் என்று கெஞ்சியும் கொடுக்கவில்லை. கடையில் கிடைக்காததை வீட்டில் செய்துகொள்வோம் என்ற பிடிவாதம் பலருக்கு அப்போது வந்ததுதான்.

2008 ஜூனில் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோலின் சராசரி விலை 4 டாலரைத் தாண்டியது. கராஜ் கதவுகள் மீண்டும் திறந்தன. அடுத்த வருடம் அமெரிக்க அரசே இந்த ஆசாமிகளுக்கு ஒரு சலுகை கொடுத்தது: காரை மாற்றும் செலவில் 10 சதவீதம், அதிகபட்சம் 4,000 டாலர் வரை, வருமான வரியில் கழிவு. 2011 முடியும்வரை அது நடைமுறையில் இருந்தது. சீனாவிலிருந்து லித்தியம் பேட்டரிகள் தனித்தனிக் கட்டைகளாகக் கிடைக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். ஈயத்தைவிட எடைக்கு இரண்டு மூன்று மடங்கு மின்சாரம், ஆயுளும் பல மடங்கு.

வெள்ளைப் பிசாசு

மின்சார கார் என்றால் ஆமை என்ற கேலியை உடைத்தது ஒரு வீட்டுக் கார். ஆரிகான் மாநிலம் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் வேலாண்டின் 1972-ஆம் வருட டாட்சன் 1200 அது. பெயர் ‘ஒயிட் ஸோம்பி’. பார்ப்பதற்கு ஓய்வுபெற்ற வாத்தியாரின் கார் போல இருக்கும். உள்ளே ஒரே தண்டில் இரட்டை மோட்டார்.

ஈய பேட்டரியில் தொடங்கி, லித்தியத்துக்கு மாறி, கடைசியில் கால் மைல் பந்தயத்தை 10.3 வினாடிக்குள் முடித்தது அந்த கார். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட ஆன நேரம் 1.8 வினாடி. பக்கத்துத் தடத்தில் உறுமிக்கொண்டு நின்ற கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களை இந்தச் சத்தமில்லாத பெட்டி கார் முந்திப்போகும் வீடியோக்களை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். காரணம் எளிது. டி.சி. மோட்டாருக்கு முழு இழுவிசை கிடைப்பது முதல் சுற்றிலேயே. பெட்ரோல் என்ஜின் அந்த இடத்துக்கு வர நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று வேகத்தை எட்ட வேண்டும்.

அணைக்க முடியாத சாமான்

அதே மோட்டாருக்கு மறுபக்கமும் உண்டு. கியர்பாக்ஸோடு சேர்க்காமல் தரையில் வைத்து முழு வோல்டேஜ் கொடுத்தால், இழுக்க எந்தப் பாரமும் இல்லாததால் அதன் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். உள்ளே சுற்றிய செம்புக் கம்பிகள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்வரை ஏறும். பழைய கன்ட்ரோலர் பழுதானால் சில சமயம் மின்சாரம் முழுவதையும் திறந்துவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் கார் நிற்காது. ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாத வண்டியை அனுபவசாலிகள் தொடக்கூட மாட்டார்கள்.

பெட்ரோல் என்ஜினைச் சாவியைத் திருப்பி அணைத்துவிடலாம். பேட்டரியை அணைக்க வழியே இல்லை. 60 வோல்ட்டுக்கு மேல் போன டி.சி. மின்சாரம் உயிருக்கு ஆபத்து. வீட்டில் மாற்றும் கார்களில் இன்று 300 வோல்ட்டுக்கு மேல் இருப்பது சாதாரணம். ஸ்பானர் தவறி இரண்டு முனைகளில் குறுக்கே விழுந்தால் கண்ணெதிரே உருகி ஒட்டிக்கொள்ளும். கைப்பிடிக்கு ரப்பர் உறை போட்ட கருவிகள், மோதிரமும் வாட்சும் கழற்றிய கைகள், தனியாக வேலை செய்யாத பழக்கம்: இவை அந்தக் கராஜ்களின் எழுதாத சட்டங்கள்.

பணமும் ஆள்பலமும் இருந்தாலும் சின்ன அலட்சியம் போதும். பாடகர் நீல் யங் தன்னுடைய 1959-ஆம் வருட லிங்கன் காண்டினென்டலை மின்சாரத்துக்கு மாற்றி ‘லின்க்வோல்ட்’ என்று பெயர் வைத்திருந்தார். 2010 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் கார்லோஸ் நகரக் கிடங்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அந்த காரிலிருந்து தீ பிடித்தது. கிடங்கில் அவர் பல வருடங்களாகச் சேர்த்துவைத்த பொருட்களும் சேர்ந்து எரிந்தன. முழுமையாகச் சோதிக்காத சார்ஜரைச் செருகிவிட்டு ஆளில்லாமல் விட்டது மனிதத் தவறு, காரின் குற்றமில்லை என்று யங் தரப்பு சொன்னது. காரை மீண்டும் கட்டி ஓட்டினார்கள்.

விபத்து தந்த வரம்

2010 டிசம்பரில் நிஸான் லீஃப் மின்சார கார் விற்பனைக்கு வந்தபோது வீட்டு மெக்கானிக்குகளின் உலகம் திசைமாறியது. சில வருடங்களிலேயே மோதி நசுங்கிய லீஃப்கள் இன்ஷூரன்ஸ் ஏலத்துக்கு வர ஆரம்பித்தன. தகடு நசுங்கினாலும் அதன் 80 கிலோவாட் மோட்டாருக்கும், கச்சிதமாக 48 பெட்டிகளாகப் பிரியும் 24 யூனிட் பேட்டரிக்கும் பெரும்பாலும் சேதமிருக்காது. ஒரு பெட்டியின் எடை 4 கிலோகூட வராது. 16 கோல்ஃப் பேட்டரிகள் 450 கிலோவில் கொடுத்ததைவிட அதிக மின்சாரம் இப்போது 200 கிலோவுக்குள். சத்தமில்லாமல் பேட்டரியின் பாரம் பாதிக்கு மேல் இறங்கியது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் வசதியும் கூடவே வந்தது. பழைய டி.சி. மோட்டார்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஒரு சிக்கல் மட்டும் புதிது. ஃபோர்க்லிஃப்ட் மோட்டார் யார் மின்சாரம் கொடுத்தாலும் சுற்றும். லீஃப் மோட்டார் தன் சொந்தக் காரின் கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். சாவி யாருடையது, கியர் எங்கே, பிரேக் மிதி எங்கே என்று கேள்வி கேட்கும். பதில் வராவிட்டால் அசையாது. இதற்கு வழி கண்டவர்கள் ‘ஓப்பன் இன்வெர்ட்டர்’ என்ற திறந்தமூலத் திட்டத்தினர். நிறுவனத்தின் மூளைப் பலகையைக் கழற்றிவிட்டுத் தாங்களே வடிவமைத்த பலகையைப் பொருத்தினார்கள், வரைபடத்தையும் மென்பொருளையும் உலகத்துக்குத் திறந்துவைத்தார்கள். லேத் பட்டறையில் தொடங்கிய வேலை இப்படி லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தது.

நிறுவனங்களும் இந்தச் சந்தையை மோப்பம் பிடித்தன. ஃபோர்ட் 2021-இல் தன்னுடைய மஸ்டாங் மாக்-இ காரின் 281 குதிரைசக்தி மோட்டாரை ‘எலுமினேட்டர்’ என்ற பெயரில் பெட்டியில் போட்டு 3,900 டாலருக்கு விற்றது. முதல் சரக்கு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பெட்டிக்குள் மோட்டார் மட்டும்தான். பேட்டரியும் அதை இயக்கும் மின்னணுச் சாதனமும் வாங்குகிறவர் பாடு.

சட்டம் எப்படிப் பார்க்கிறது?

ஊருக்கு ஊர் பார்வை மாறுகிறது. பிரிட்டனில் காரை மாற்றியமைத்த பிறகும் அது பழைய கார்தானா என்று முடிவு செய்ய நீண்ட காலம் ஒரு மதிப்பெண் கணக்கு இருந்தது. அடிச்சட்டத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, என்ஜினுக்கு வெறும் 1. எட்டு மதிப்பெண் தங்கினால் பழைய நம்பர் தங்கும். என்ஜின் போனதால் மட்டும் காரின் அடையாளம் போகாது என்பதே அந்தக் கணக்கின் அர்த்தம்.

பிரான்ஸ் 2020-இல் இதற்கென்றே ஆணை பிறப்பித்தது. ஐந்து வருடம் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களை மாற்றலாம். ஆனால் ஒப்புதல் பெற்ற நிறுவனத்தின் அமைப்பை அங்கீகாரம் பெற்றவர்தான் பொருத்த வேண்டும். வீட்டுக் கராஜுக்கு அங்கே கதவு சாத்தியாகிவிட்டது.

பழைய கார் ரசிகர்களுக்குள் சண்டை வேறு மாதிரி. 2018 மே மாதம் இளவரசர் ஹாரியும் மேகனும் திருமண வரவேற்புக்கு மின்சாரத்துக்கு மாற்றிய ஜாகுவார் இ-டைப்பில் போனதை உலகமே பார்த்தது. மறுவருடம் பழமையான வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பு ஃபிவா தன் நிலையைச் சொன்னது: என்ஜின் போனால் அது பாரம்பரிய வாகனம் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் திரும்பப் பொருத்தும்படி செய்யுங்கள், கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள் என்றது. கென்யாவில் இந்த வாதத்துக்கெல்லாம் நேரமில்லை. 2017-இல் நைரோபியில் தொடங்கிய ஒபிபஸ் நிறுவனம் சஃபாரிக்குப் போகும் லேண்ட் க்ரூஸர்களை மின்சாரத்துக்கு மாற்றியது. டீசல் மிச்சமாவது ஒருபுறம் இருக்க, என்ஜின் உறுமாததால் விலங்குகள் மிரளுவதில்லை.

நம்மூரில் செய்யலாமா?

திறமைக்குப் பஞ்சமில்லை. மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் கோவையில் தெருவுக்குத் தெரு உண்டு. அடாப்டர் பிளேட்டை வரைந்து கொடுத்தால் அம்பத்தூரில் வெட்டித் தருவார்கள். பழைய கார் சாமானுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. தடை இருப்பது ஆர்.சி. புத்தகத்தில்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. வேறு எரிபொருளுக்கு மாற வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ‘கிட்’ வேண்டும். சமையல் சிலிண்டரை டிக்கியில் மறைத்து வைத்து ஓடிய ஆம்னி வேன்களை நினைத்துப் பார்த்தால் அந்த எச்சரிக்கை ஏன் என்று புரியும். மின்சாரக் கிட்டுக்கான தரநிலையின் பெயர் ஏஐஎஸ்-123. கிட் தயாரிப்பவர் புனேவின் ஏஆர்ஏஐ போன்ற அமைப்பிடம் சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் அப்படி ஒரு வாகனச் சோதனை மையம் இருக்கிறது. எந்தெந்த மாடலுக்கு ஒப்புதலோ அந்த மாடலில் மட்டும்தான் பொருத்தலாம். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றத்தைப் பதிய வேண்டும். ஹைதராபாத்தின் ஈ-ட்ரையோ நிறுவனம் ஆல்ட்டோ, வேகன்-ஆர் கார்களுக்கு அப்படி ஒப்புதல் பெற்றது. டீசல் கார்களுக்குப் பத்து வருடமே ஆயுள் என்றிருந்த டெல்லியில், 2021-இல் டெல்லி அரசு அவற்றை மின்சாரத்துக்கு மாற்றி ஓட்ட வழிவிடுவதாக அறிவித்தது.

இந்தச் சோதனைச் செலவை நூறு கார், ஆயிரம் கார் விற்கும் நிறுவனம் தாங்கும். தன் ஒற்றை அம்பாஸிடருக்காக வீட்டில் வேலை செய்கிறவர் தாங்க மாட்டார். தனியார் தோட்டத்துக்குள்ளோ கல்லூரி வளாகத்துக்குள்ளோ ஓட்டிப் பார்ப்பதோடு அவர் ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். சாலைக்கு வந்தால் 2019 திருத்தத்தில் சேர்ந்த தண்டனைப் பிரிவு காத்திருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த 5,000 வண்டிக்கு அல்ல, ஒவ்வொரு மாற்றத்துக்கும். என்ஜினை எடுத்தது ஒன்று, டேங்க்கை எடுத்தது ஒன்று, பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி வைத்தது ஒன்று என்று போக்குவரத்து ஆய்வாளர் பானட்டைத் திறந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால், ஃபோர்க்கன்ஸ்விஃப்ட்டுக்கு ஆன மொத்தச் செலவையும் அபராதமே எட்டிவிடும்.